ஊதா நூல்

மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதுதான் அந்த வேலைக்குப் போகும்போது எனக்கிருந்த ஒரே தகுதி. நான் கடற்கரையில் பிறந்தவன். எங்கள் ஊரில் மாதா கோயிலும் கட்டுமரங்களும் உண்டு, மாடு கிடையாது. மீனுக்குக் காய்ச்சல் என்று யாரும் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றதில்லை. மருந்து கலக்கப் படித்துவிட்டு வந்த என்னை, மனிதர்களின் ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று சொல்லி மிருக ஆஸ்பத்திரிக்குக் கம்பவுண்டராக அனுப்பினார்கள். என் அம்மா அக்கம்பக்கத்தில், "மோனுக்கு ஆஸ்பத்திரியில வேல" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். என்ன ஆஸ்பத்திரி என்று யாராவது கேட்டால் அடுப்பில் ஏதோ கரிகிறது என்று உள்ளே போய்விடுவாள்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் வேலையில் சேர்ந்தேன். நான் சொல்லப்போவது நாலாம் வருஷத்துக் கதை. அதற்குள் திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆகியிருந்தது. மேலிடத்துக் கடிதங்கள் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் வரும். மாடு மட்டும் தமிழில் கத்தும். டாக்டர் வடக்கேயிருந்து வந்தவர், நல்ல மனிதர். ஆனால் மூன்று ஊர்களை ஒருவரே பார்க்க வேண்டியிருந்ததால் வாரத்தில் இரண்டு நாள்தான் எங்களுக்குக் கிடைப்பார். மற்ற நாட்களில் நான்தான் டாக்டர். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தச் சர்க்கரை நான்.

ஆஸ்பத்திரி வேலையோடு சேர்த்து இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. சுசீந்திரம் பஸ்ஸில் போய் இடையில் இறங்கி, வரப்பில் கால்மணி நேரம் நடந்தால், வயல்களுக்கு நடுவே கோயிலுக்குச் சொந்தமான தொழுவம் ஒன்று இருந்தது. கருங்கல் தூண், ஓலைக் கூரை. ஜனங்கள் நேர்ந்துவிட்ட மாடுகளுக்கான இடம். நேர்ந்துவிட்டது என்றால் பாலும் பூவுமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கறவை வற்றிய பசு, நுகம் தேய்த்துக் கழுத்து வீங்கிய காளை, கால் ஒடிந்த கன்று என்று முப்பது முப்பத்தைந்து உருப்படி எப்போதும் நிற்கும். சாமிக்குக் கொடுத்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது சாமியின் பாடு. சாமி அந்தப் பாட்டை ஓர் அக்காவிடமும் என்னிடமும் விட்டிருந்தார்.

அந்த அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் கீரிப்பாறை எஸ்டேட்டுக்கு ரப்பர் பால் வெட்டப் போனவன், திரும்பி வரவில்லை. அவளும் நாலு வயது மகளும் தொழுவத்தின் ஒரு மூலையில், வைக்கோல் போடும் அறையில் குடியிருந்தார்கள். சாணம் அள்ளுவது, புல் அறுப்பது, குடிக்க வெள்ளம் காட்டுவது, புண்ணில் புழு எடுப்பது எல்லாம் அவள். தொழுவத்தை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. அது எனக்கும் தெரியும், அவளை அங்கே வைத்திருந்த, கோயில் நிர்வாகம் பார்த்த ஸ்ரீகாரியத்துக்கும் தெரியும்.

முதல் வருஷம் ஒரு கன்று செத்தால் எனக்கு அன்று சோறு இறங்காது. கால் அழுகிய ஒரு பசுவுக்கு டாக்டர் சொல்லி நானே கடைசி ஊசி போட்டபோது, வரப்பில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அக்கா கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். இரண்டாம் வருஷம் அழுகை வரவில்லை. மூன்றாம் வருஷம், வரவில்லை என்பதே தெரியவில்லை. செத்ததைப் புரட்டி, அறுத்துப் பார்த்து, கையைக் கழுவி, அதே கையால் பொதிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடுவேன். இந்தப் பையனுக்குக் கை நடுங்காது என்று டாக்டர் மற்றவர்களிடம் என்னைப் பாராட்டுவார். அது தைரியம் என்று அவர் நினைத்தார். நானும் அதை மறுக்கவில்லை.

அந்த ஆவணியில் மேற்கே சந்தைகளில் வெக்கை நோய் வந்திருப்பதாகத் தகவல் வந்தது. மாட்டுக்குக் காய்ச்சல் அடிக்கும், கண்ணும் மூக்கும் ஒழுகும், வாய் வெந்து புண்ணாகும், பிறகு வயிறு போகும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். வந்தபின் மருந்து கிடையாது, வருமுன் போடும் ஊசி மட்டும் உண்டு. அது திருவனந்தபுரத்திலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் பஸ் ஏறி வரும். ஒரு குப்பியைக் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

ஊசி போட்ட மாட்டின் இடது காதில் குறடால் முக்கோணமாக ஒரு துண்டு எடுத்துவிடுவோம். அந்த வெட்டு ஆயுசுக்கும் அழியாது. வெட்டு இருந்தால் அந்த மாட்டை வெக்கை கண்ட மாட்டுக்குப் பக்கத்திலேயே கட்டலாம், ஒன்றும் வராது. வெட்டு இல்லையென்றால் அதற்கு ஊசி போடவில்லை என்று அர்த்தம். காதை வெட்டாமல் ஊசி போடக்கூடாது, டாக்டருக்கு இதில் இரண்டு பேச்சு கிடையாது. பதிவேட்டிலும் காது வெட்டியதைத்தான் எழுத வேண்டும்.

தொழுவத்தில் இதைச் சொன்னதும் ஸ்ரீகாரியம் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஊசி போடணும்னா போடும். காதில இரும்பு படப்பிடாது. அங்கக் குறை உள்ளது சாமிக்கு ஆகாது, கேட்டீரா?"

கால் ஒடிந்த கன்று சாமிக்கு ஆகும், காது வெட்டினது மட்டும் ஆகாதா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆனால் நான் வேதக்காரன், அது கோயில் தொழுவம். மாதா கோயில்காரன் வந்து எங்கள் மாட்டை மூளியாக்கினான் என்று ஒரு பேச்சு கிளம்பினால் டாக்டராலும் என்னைக் காப்பாற்ற முடியாது.

தொழுவத்தை ஒட்டிய வயலைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து உழுத அண்ணாச்சி ஒருவர் அன்று அங்கே நின்றார். ஐம்பதை எட்டியவர். கறுப்பு உழவு காளைகள் ஒரு ஜோடி வைத்திருந்தார்; நுகத்தில் இடப்பக்கம் பூட்டுவது எடத்தங்காளை, வலப்பக்கம் பூட்டுவது வலத்தங்காளை. வயல்காரர் சொந்த ஏர் உள்ளவனுக்குத்தான் பாட்டம் கொடுப்பார். ஜோடியில் ஒன்று போனால் வயலும் போகும் என்பது அவருடைய நிலைமை. அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சார், எனக்க எடத்தங்காளய காது வெட்டாண்டாம். நேந்து விட்டதாக்கும். வீட்டுக்காரிக்கு ரெண்டு வருசமா வயித்து நோவு. தீனம் மாறினா சாமிக்கு விட்டிருவேன்னு நேந்தேன். மாறிச்சு. கும்பப்பூ அறுப்பு கழிஞ்சதும் இஞ்ச கொண்டு விடணும். இந்த ஒரு பூவு மட்டும் உழுதுக்கிடுகேன்னு சாமிட்ட சொல்லியிருக்கேன்."

"அதுக்குப் பிறகு எதை வைத்து உழுவீங்க?"

"கன்னு ஒண்ணு வளருது. அடுத்த வருசம் நுகத்துக்கு வந்திரும்."

அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டேன் என்று சொல்ல ஆசைதான். இரக்கம் இல்லை, தொல்லை தீர்ந்தால் போதும் என்றிருந்தது. முப்பத்தைந்து கோயில் மாடும் இந்த ஒரு காளையும் ஊசி இல்லாமல் நின்றால் நோய் வந்து எல்லாம் ஒரே குழிக்குப் போகும். எனவே ஒரு வழி செய்தேன். அக்காவிடம் நூல் கண்டு ஒன்று வாங்கி, ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடும் ஜென்ஷன் வயலட்டில் முக்கிக் காயவைத்தேன். பளிச்சென்று ஊதா நிறம், லேசில் வெளுக்காது. காது வெட்டக்கூடாத மாட்டுக்கு ஊசி போட்டதும் கழுத்தில் இந்த நூலைக் கட்டு என்று அக்காவிடம் சொன்னேன். டாக்டரிடம், கோயில்காரர்கள் ஊசியே வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்றேன். ஆக, நூல் கட்டிய மாடு எதுவும் பதிவேட்டில் இல்லை. எதற்கு ஊசி போட்டேன் என்பதற்கு அந்த நூலைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் அன்று நினைத்தேன்.

ஊசி போட்ட நாளில் தொழுவத்து மாடுகளோடு அக்கம்பக்கத்து உழவு மாடுகளும் வந்து குவிந்தன. கன்னிப்பூ அறுப்பு முடிந்து சூடடிக்கும் நேரம். களத்தில் பிணையல் கட்டிச் சுற்றிக்கொண்டிருந்த மாடுகளை அவிழ்த்துக் கொண்டுவந்து ஊசி போட்டு, உடனே திருப்பி ஓட்டிப்போனார்கள். அண்ணாச்சி வலத்தங்காளையை மட்டும் கொண்டுவந்தார். நேர்ந்த காளை மைத்துனர் களத்தில் நிற்கிறது, உச்சிக்குள் வந்துவிடும் என்றார். வலத்தங்காளைக்கு ஊசி போட்டுக் காதை வெட்டினேன். அது ஒரு முறை தலையை உதறியது, அவ்வளவுதான். பிறகு ஒரே தூசி, கத்தல், சாணம். மத்தியானம் குப்பியில் மிச்சம் இருந்த மருந்தைக் குழி தோண்டிக் கொட்டினேன். ஊசிகளை வேகவைக்க வேண்டும் என்று மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தேன். நேர்ந்த காளை வந்ததா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நாலு நாள் கழித்துப் போனபோது அது வயலோரம் மேய்ந்துகொண்டிருந்தது. கழுத்தில் ஊதா நூல். சரி, போட்டிருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன்.

புரட்டாசி பிறந்ததும் வெக்கை எங்கள் பக்கம் வந்தது. முதலில் மேற்குத் தெருவில் இரண்டு பசு. அடுத்த வாரம் கிழக்கே ஒரு வீட்டில் தொழுவம் முழுதும். ஊசி போட விடாமல் காளைகளை மாந்தோப்புக்குள் ஒளித்துவைத்த புத்திசாலிகள் இப்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். அவர்களை ஏசுவதற்குக்கூட எனக்குள் ஒன்றும் எழவில்லை. ஊசி போட்ட மாடு நின்றது, போடாதது விழுந்தது. கணக்கு அவ்வளவு நேராக இருந்தது.

வெக்கையில் செத்த மாட்டை யாரும் உரிக்கக்கூடாது. ஊருக்கு வெளியே புறம்போக்கில் ஆழக் குழி எடுத்து, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும். புதைப்பதற்கு முன் தோலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கத்தியால் கீற வேண்டும். இல்லாவிட்டால் தோலுக்காகத் தோண்டி எடுத்துப் போவார்கள், நோயும் கூடவே போகும். அந்தக் கீறுகிற வேலை என்னுடையது. முதுகில் மூன்று, விலாவில் இரண்டு. மீன் கீறுவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்த கை, வேகமாகவே செய்தது.

குழிக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். காது வெட்டிய மாடுகளை மட்டும் வண்டியில் கட்டு என்று டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார். காது வெட்டிய மாடு ஊரில் நிறைய உண்டு, கொடுக்க ஆள் இல்லை. பிணவண்டி இழுத்த மாட்டை எப்படி நல்ல நாள் பார்த்து உழும் பொன்னேரில் பூட்டுவது, தீட்டல்லவா என்றார்கள். நான் அண்ணாச்சியிடம் போனேன்.

அவர் நுகத்தடிக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். உழவுக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. கேட்டதும் கயிற்றைக் கீழே வைத்தார்.

"வேற ஒருத்தரும் தரல்லியா?"

"இல்ல அண்ணாச்சி."

"எனக்க மாட்டுக்க காத காப்பாத்தித் தந்த ஆளுல்லா நீங்க. ஒங்ககிட்ட இல்லன்னு எப்பிடி சொல்லுவேன்? ஒண்ணும் வராதுல்லா சார்?"

"வராது" என்றேன். "ஒன்றுக்குக் காதில் வெட்டு இருக்கு, ஒன்றுக்கு நூல் இருக்கு. இரண்டுக்கும் வராது."

நாலு நாள் அந்த ஜோடி பிணவண்டி இழுத்தது. நல்ல பழக்கமான மாடுகள். குழிப்பக்கம் நாற்றம் தாங்காமல் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி நின்றபோதும் இரண்டும் அசையாமல் நின்றன. தினமும் வேலை முடிந்ததும் அண்ணாச்சி அவற்றைக் குளத்தில் இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டுவார், வீட்டில் சாம்பிராணி போடுவார். தீட்டுக் கழிய வேண்டுமே.

அடுத்த வாரம் ஒரு காலையில், நான் பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்திலேயே அவர் நின்றார். நேர்ந்த காளை இரண்டு நாளாக வைக்கோல் தொடவில்லை என்றார். தொழுவத்துக்குக் கொண்டுவந்து தனியே கட்டியிருந்தார்கள். கண்ணோரம் ரோமம் நனைந்து ஒட்டியிருந்தது. மூக்கு ஒழுகியது. வாயைப் பிரித்து உள்ளே பார்த்தேன். ஈறில் தவிடு தூவியதுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது. பார்த்துப் பார்த்துப் பழகிப்போன வாய்தான் அது.

ஊசி போட்ட மாட்டுக்கு இது வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதன் ஜோடி வலத்தங்காளை கொஞ்சம் தள்ளி நின்று வாயில் நுரையோடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அண்ணாச்சியைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஊசி போட்ட நாளில் இந்தக் காளை எப்போ வந்தது?"

"சாயங்காலம் வெளக்கு வைக்கப்போ கொண்டுவந்தாரு. நீங்க போயாச்சு."

"அப்போ இதுக்கு நூல் யார் கட்டினா?"

"நான்தான் கெட்டினேன் தம்பி. நூலு ஒருபாடு மிச்சம் கெடந்துதே. இது போரும்னு அண்ணாச்சிட்டயும் சொன்னேன்." அவள் முகத்தில் ஒரு தயக்கமும் இல்லை. நல்ல காரியம் செய்தவளின் முகமாகத்தான் இருந்தது. "மருந்தில முக்கின நூலுல்லா? ஊசி போட்ட எடம் வீங்கி மாடு படுத்துக்கிடுது. நூலு ஒண்ணும் செய்யல்ல. அதான், பொறவு வந்த ரெண்டு கன்னுக்கும் நூல மட்டும் கெட்டினேன்."

நான் சுற்றிலும் பார்த்தேன். இத்தனை நாள் பார்க்காததை அன்று பார்த்தேன். தொழுவத்து ஆட்டுக்குட்டியின் கழுத்தில் ஊதா நூல். வாசலில் படுத்திருந்த நாயின் கழுத்தில் ஊதா நூல். அக்காவின் மகள் தூணைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து நின்றாள், அவள் மணிக்கட்டில் இரண்டு சுற்று. கோயிலில் மந்திரித்துத் தருவதைக் கையில் கட்டுகிறார்கள், கழுத்தில் கட்டுகிறார்கள், தொட்டிலில் கட்டுகிறார்கள். ஆஸ்பத்திரியில் மருந்தில் முக்கித் தந்ததை ஏன் கட்டக்கூடாது? அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. என் அம்மா எனக்கு ஏழு வயசில் அம்மை போட்டபோது கழுத்தில் உத்தரியம் என்ற மாதா படக் கயிற்றை மாட்டி, காரியம் முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கியவள். அந்த உத்தரியத்தை நான் அப்போதும் சட்டைக்குள் போட்டிருந்தேன். நூலைக் கட்டச் சொன்ன எனக்குத்தான் இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா என் முகத்தைப் பார்த்து மெதுவாகப் புரிந்துகொண்டாள். "தப்பாப் போச்சா தம்பி?" என்று கேட்டாள். மகளை இழுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "சீகாரியத்துக்குத் தெரிஞ்சா எங்கள எறக்கி விட்டிருவாரு" என்றாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். அவளுக்காகச் சொன்னேனா எனக்காகச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காளை ஆறு நாள் கிடந்தது. கஞ்சித் தண்ணீரை மூங்கில் குழாயால் புகட்டினோம், நின்றது பாதி, ஒழுகினது பாதி. அண்ணாச்சியின் மனைவி தினமும் வந்து அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பாள். தனக்காக நேர்ந்த காளை என்பதால் தன் நோவைத்தான் அது வாங்கிக்கொண்டது என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவளையும் நான் திருத்தவில்லை. நூல் மட்டும் கட்டியிருந்த இரண்டு கன்றுகளும் அந்த வாரமே செத்தன.

ஏழாம் நாள் காலையில் அதுவும் செத்தது. வண்டியில் ஏற்றி, வேறு யாரிடமோ கெஞ்சி வாங்கிய மாடுகளைக் கட்டிக் குழிக்குக் கொண்டுபோனோம். அண்ணாச்சி கூடவே நடந்து வந்தார். கத்தியை எடுத்ததும், கீறத்தான் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். அவர் திரும்பி நின்றுகொண்டார். முதுகில் மூன்று, விலாவில் இரண்டு. அப்போதாவது கை நடுங்கும் என்று எதிர்பார்த்தேன், நடுங்கவில்லை. எனக்கு என்னைக் கண்டு பயமாக இருந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. சாயங்காலம் பதிவேட்டில், 'ஊசி போடாத காளை ஒன்று, சாவு' என்று எழுதினேன். தொழுவத்தைப் பற்றி அந்தப் பதிவேட்டில் நான் எழுதியதில் அது ஒன்றுதான் முழு உண்மை.

உழவு தொடங்கியது. அவரவர் வயலை உழ அவரவர் மாடு போதாத நேரம், இரவல் ஏர் யார் தருவார்? அண்ணாச்சி நாலைந்து வீடுகளில் கேட்டுப் பார்த்தார். வீட்டில் வளர்ந்த கன்றை வலத்தங்காளையோடு நுகத்தில் வைத்தும் பார்த்தார், அது மிரண்டு வரப்பை உடைத்துக்கொண்டு ஓடியது. வயல்காரர் பத்து நாள் பொறுத்தார், பிறகு வயலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். நான் தொழுவத்துக்கு நடக்கும் வரப்பிலிருந்து பார்த்தால், புதிய ஆள் அதில் சேறு நிரவ மரமடித்துக்கொண்டிருப்பது தெரியும். பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு காலை, அண்ணாச்சி வலத்தங்காளையைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, நெற்றியில் சந்தனம் வைத்துத் தொழுவத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்ரீகாரியம் அன்று வைக்கோல் பார்வையிட வந்திருந்தார்.

"நேந்தது போயிட்டு. அதுக்குப் பதிலா இத விட்டிரலாம்னு வந்தேன். ஒத்த மாட்ட வச்சு எனக்கு என்ன செய்ய? நேர்ச்சக் கடன் பாக்கி நிக்கப்பிடாது."

ஸ்ரீகாரியம் காளையைச் சுற்றி வந்தார். இடது காதைக் கையால் பிடித்து விரித்துப் பார்த்தார். முக்கோண வெட்டு ஆறிச் சுத்தமாக இருந்தது.

"இது ஆகாதே. காது மூளியாயிருக்கே. கொண்டுபோவும்."

ஸ்ரீகாரியம் குடையை விரித்துக்கொண்டு வரப்பில் இறங்கிப் போகும்வரை அண்ணாச்சி காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். இனி அதைச் சந்தைக்குத்தான் ஓட்ட வேண்டும். மேற்கேயிருந்து வரும் வியாபாரிகள் வாங்கிப்போகும் ஒற்றைக் காளைகள் எங்கே போகின்றன என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் தூணோரம் ஒரு பசுவின் குளம்புக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா தூரத்தில் சாணக் கூடையோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கயிற்றை மடக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். ஒளிக்காம சொல்லணும்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"வண்டி இழுத்த ரெண்டாம் நாளு, கொளத்தில குளிப்பாட்டும்போ அந்த நூலு நனஞ்சு கழுத்த இறுக்கிச்சு. நான்தான் அவுத்தேன். காய வச்சு மறுநா விடிஞ்சுதான் கெட்டினேன். ஒரு ராத்திரி முழுக்க நூலு இல்லாம நின்னுது. வீட்டுக்காரிட்டகூட சொல்லல்ல. அதுனாலயாக்கும் வந்துது, இல்லியா?"

சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். நூலில் ஒன்றும் இல்லை அண்ணாச்சி, உங்கள் காளைக்கு நான் ஊசி போடவே இல்லை, போட்டேனா என்று பார்க்காமல் பிணவண்டியில் கட்டச் சொன்னவன் நான். இவ்வளவுதான். சொன்னால் அக்காவும் மகளும் அன்றைக்கே தெருவில் நிற்பார்கள், என் வேலையும் போகும். இதையெல்லாம் அந்த நிமிஷத்தில் யோசித்துத்தான் பேசினேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். நான் எதையும் யோசிக்கவில்லை. எனக்கு வெட்கம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

"ஆமா" என்றேன்.

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். காளை அவருடைய முழங்கையை நக்கியது. பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என்னைவிட இருபத்தைந்து வயது மூத்த அந்த மனிதர் எனக்கு முன்னால் கைகூப்பி நின்றார்.

"நீங்க பாத்துப் பாத்து செஞ்சு தந்தத நான் கெடுத்துப் போட்டேன். பொறுத்துக்கிடணும் சார்."

"சாரமில்ல, போட்டும் அண்ணாச்சி" என்று சொல்லி, நான் அவரை மன்னித்தேன்.